கல்லுக்கு ஊர் கேட்ட பேராசிரியர் செண்பகம்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, செண்பகம் அம்மாவோடு ஒரே துறையில் ஒரே அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்து வேலை செய்த பேராசிரியர் வசந்தகுமார் அவர்களே, தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மகள் கல்பனா, ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் தோழர்களே, வண்டியை ரோட்டோரம் ஓரம்கட்டிவிட்டு வந்திருக்கும் எங்கள் சங்கத்து ஓட்டுநர்களே, ஊத்துக்கோட்டைச் சுற்றுவட்டாரத்துப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் குப்புராஜ். மண் வேலைக் கான்ட்ராக்டர். டிப்பர் லாரி உரிமையாளர் சங்கத்துக்குப் பல வருடம் தலைவனாக இருந்தவன். மைக்கைப் பிடித்தால் லேசில் விட மாட்டேன் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் பேசியிருக்கிறேன், டோல்கேட் மறியலில் பேசியிருக்கிறேன், பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்ற அன்றைக்கும் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு தாவரவியல் பேராசிரியருக்காக மேடை ஏறுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. முதல்வர் போன் செய்து "நீங்கள்தான் பேச வேண்டும்" என்றபோது, "ஐயா, அவங்க செடியைப் படிச்சவங்க, நான் செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு மண்ணு கொட்றவன்" என்றேன். "அதனால்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

யார் இந்த முனைவர் செண்பகம்? திருவள்ளூரில் பிறந்தவர், அங்கேயே படித்தவர், நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் எதைத் தேடினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் தேடியது கல்லில் பதிந்த இலைகளை. பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மண்ணில் நின்ற செடிகளை. பெயரிலேயே பூவை வைத்துக்கொண்டு, பூச்செடி என்பதே உலகத்தில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கிய காலத்தை அவர் ஆராய்ந்தார். இதைச் சொல்லி நான் கிண்டல் செய்வேன். "பேரு வெச்சது எங்கப்பா, அவரைக் கேளுங்க" என்பார். சிரிக்க மாட்டார். கண் மட்டும் சிரிக்கும்.

அவரை நான் முதலில் பார்த்த கதையைச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். பள்ளமான இடம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அதை மேடாக்கும் வேலை எனக்கு வந்தது. பதினெட்டு டிப்பர் ஓட்டினேன். இடம் மேடானது, கட்டடம் எழுந்தது, திறப்பு விழாவும் வந்தது. விழா என்றால் வாசலில் செடி வேண்டுமே. இப்போது எந்தக் கம்பெனி வாசலிலும், எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் பார்ப்பீர்கள். குட்டையான தண்டு, சுற்றிலும் சீப்பு மாதிரி விறைத்த இலை. நர்சரிக்காரர்கள் சைகஸ் என்று விற்பார்கள். அதை வரிசையாக நட வேண்டும். தோட்ட வேலைக்கு இருந்தவர் மேரி. இதோ, மேடையின் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மேரிதான்.

மேரி கடப்பாரையால் குழி போட்டார். கடப்பாரை ஒரு வெள்ளைக் கல்லில் பட்டது. கல் ஏடு பிரிந்த மாதிரி இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு இலை. கையில் நடுவதற்கு எடுத்து வைத்திருந்த சைகஸ் செடியின் இலையைப் போலவே ஒரு இலை. நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், மேரி இங்கேயே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாதியை மேரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுபாதியைக் காவலாளி வாங்கி, கேட்டில் தாள் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து அந்தக் கம்பெனியில் மரக்கன்று நடும் விழா. சிறப்பு விருந்தினர் பேராசிரியர் செண்பகம். கேட்டில் பெயர் எழுதக் குனிந்தவர் அந்தக் கல்லைப் பார்த்தார். பேனா அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மாலையோடு மேனேஜர் காத்திருக்கிறார், போட்டோகிராபர் காத்திருக்கிறார், மரக்கன்றும் காத்திருக்கிறது. அம்மா காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விழாவில் கடைசி வரை மரம் நடப்படவே இல்லை.

மறுபாதியைத் தேடி மேரி வீட்டுக்குப் போனார். அங்கே கல் ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில், பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மேரியின் கணவர் தேசப்பன் அதைக் குருத்தோலை ஞாயிறின் ஓலை என்று முடிவே கட்டியிருந்தார். ஏசு எருசலேமுக்குள் நுழைந்தபோது ஜனங்கள் பிடித்த ஓலை கல்லாகி நம் ஊருக்கு வந்திருக்கிறது என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாம்.

அம்மா தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இது ஓலை இல்லம்மா. ஏசு பிறக்கறதுக்குப் பல கோடி வருஷம் முன்னாடி இருந்த செடி. அப்ப தென்னையும் கிடையாது, பனையும் கிடையாது."

மேரி கேட்டார். "அவ்ளோ முன்னாடியே வந்து ரெடியா காத்துக்கினு இருந்திச்சாம்மா?"

அதைக் கேட்ட அம்மா, மேரியின் பாதியை மேரியிடமே விட்டுவிட்டு வந்தார். "எனக்குத் தேவைப்பட்டா உன் வீட்டுக்கு வந்து பார்த்துக்கறேன்" என்றார். அப்படியே பல வருடம் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போய், அந்த வீட்டில் காபி குடித்துக்கொண்டே பார்த்தார். மெழுகு ஒழுகாத மாதிரி தள்ளி வைக்கச் சொன்னதோடு சரி.

அந்தக் கல்லில் அப்படி என்ன இருந்தது? இதைப் பேராசிரியர் வசந்தகுமார் எனக்கு விளக்கியிருக்கிறார், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் பக்கத்து வெள்ளைக் கற்களில் இந்த மாதிரி இலை கிடைப்பது புதிதல்ல. பழைய ஆராய்ச்சியாளர்கள் இதையும் சைகஸ் வகை என்றே எழுதினார்கள். பிறகு, இல்லை, இது சைகஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி, வம்சம் அற்றுப்போன ஒரு தனிக் குடும்பம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பூ மாதிரி ஒன்று உண்டு, ஆனால் பூ இல்லை. இலை தனியாகக் கிடைக்கும், அந்தப் பூ மாதிரி தனியாகக் கிடைக்கும். எந்த இலைக்கு எந்தப் பூ என்று யாருக்கும் தெரியாமல் சண்டை நடக்கும். மேரியின் கல்லில் இரண்டும் ஒரே காம்பில் இருந்தன. வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கல், பெரியோர்களே. அது பேப்பர் வெயிட்டாக இருந்தது.

மறுநாளே அம்மா என் ஆபீஸுக்கு வந்தார். நான் அவரைப் பார்த்ததும் கனிமவளத் துறை அதிகாரி என்று நினைத்துவிட்டேன். கையில் பை, கண்ணாடி, வந்ததும் வராததுமாக "அந்த மண் எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்ற கேள்வி. வேறு யாராக இருக்க முடியும்? பர்மிட் காகிதங்களை எடுத்து நீட்டினேன். சோடா வாங்கி வரச் சொன்னேன். அவர் பர்மிட்டைத் திருப்பி, பின்பக்கம் ஒரு இலையை வரைந்து, "இதைப் பார்த்திருக்கீங்களா?" என்றார். என் பர்மிட் ஒரிஜினல். இன்றைக்கும் அது அந்த இலையோடுதான் இருக்கிறது.

"கல்லுதான் கைக்கு வந்துடுச்சே, ஊரு எதுக்கும்மா?" என்று கேட்டேன். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இதே குடும்பத்துச் செடி ராஜ்மகால் மலையில் இருக்கிறது. கட்ச் பக்கம் இருக்கிறது. நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிறது. அதோடு நிற்காமல், இன்றைக்குப் புல்கூட முளைக்கத் தயங்கும் அண்டார்டிகாவில் இருக்கிறது, தென் அமெரிக்காவில் இருக்கிறது. செடி கடலை நீந்திப் போகுமா? நிலங்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன, பிறகு பிரிந்தன. நம் நாடே ஒரு பெரிய டிப்பர் மாதிரி, தெற்கே லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டு வடக்கே வந்து நின்றது. எந்தச் செடி எங்கே நின்றது என்று ஒவ்வொரு இடத்துக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அந்தக் காலத்துக் காடு எது, கரை எது, கடல் எது என்று சொல்கிறார்கள். "புள்ளி இல்லாத கல்லு வாய் பேசாது குப்புராஜ்" என்றார். கும்மிடிப்பூண்டியில் அந்தக் கல் இருக்க வழியே இல்லை, அது கடற்கரை மண். அப்படியென்றால் லாரியில் வந்திருக்கிறது. எந்த லாரி? எந்தக் குழி?

என்னைக் கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். கவரைப்பேட்டைக்கு மேற்கே நான் ஏலம் எடுத்திருந்த குவாரி. கம்பெனி வாசல் பக்கம் மண் கொட்டிய ஓட்டுநரையும் கூப்பிட்டு விசாரித்தோம். "ஆமாம்மா, குவாரி மண்ணுதான், அடி மண்ணு" என்றார் அவர். குவாரியின் அடியில் அதற்குள் மழைத் தண்ணீர் நிரம்பி நின்றது. இறங்கிப் பார்க்க வழியில்லை. அம்மா ஓட்டுநர் பேச்சையும் என் காகிதத்தையும் நம்பி, கவரைப்பேட்டை என்றே கட்டுரை எழுதினார். பெரிய பெயர் வந்தது. திருவள்ளூரில் பாராட்டு விழா நடந்தது, நானும் சால்வை போட்டேன். அந்தப் புள்ளியை வைத்து, பழைய காடு கடலை நோக்கி இவ்வளவு தூரம் கிழக்கே வந்திருக்கிறது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் புது வரைபடமே போட்டார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் முடிந்திருக்கும்.

மழை பொய்த்த ஒரு வருடம், குவாரியில் தண்ணீர் வற்றியது. அம்மாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அவரே மோப்பம் பிடித்து வந்துவிட்டார். நானும் கூட இறங்கினேன். மேலே செம்மண் சரளை. அதற்குக் கீழே ஆற்று மணல். அதற்கும் கீழே பிசுபிசுவென்று நீலக் களிமண். வெள்ளைக் கல் ஒரு சில்லுகூட இல்லை. அம்மா நாலு பக்கமும் நடந்தார், தட்டினார், கீறினார். பிறகு மேலே வந்து குடையை விரித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குப்புராஜ், நான் எழுதினது தப்பு" என்றார்.

"யாரும்மா இந்தக் குழியில வந்து எறங்கிப் பாக்கப் போறாங்க?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"நான் பார்த்துட்டேனே" என்றார்.

தோழர்களே, அந்த இரண்டு வார்த்தை போதும் எனக்கு. அதற்கு மேல் ஒரு மனுஷியைப் பற்றி என்ன புகழ்ந்து பேசிவிட முடியும்? ஓய்வு பெறப் போகிற வருடம். பாராட்டு வாங்கிய கட்டுரை. யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் கேட்கவில்லை. தானே எழுதி அனுப்பினார், நான் வைத்த புள்ளி பொய், அதை எடுத்துவிடுங்கள் என்று. ஓட்டுநர் பெயரை எழுதினாரா? இல்லை. கான்ட்ராக்டர் பெயரை எழுதினாரா? இல்லை. இடத்தைச் சரிபார்க்காமல் எழுதியது என்னுடைய தவறு என்று மட்டும் எழுதினார். சால்வை போட்டவர்களில் சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். இந்த அம்மா லாரி மண்ணை வைத்து ஆராய்ச்சி செய்ததாம் என்றார்கள். வழியனுப்பு விழாவில் அந்தக் கல்லைப் பற்றி யாருமே பேசவில்லை. அம்மா மட்டும் கடைசியாக எழுந்து, "கல் நிஜம், ஊர்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரைச் சொல்லலாமா என்று தயங்கினேன். இன்று காலை அவரே வந்து, "என் பேர சொல்லுங்க நைனா, இல்லாட்டி நான் கூட்டத்துக்கு வர மாட்டேன்" என்றார். சொல்கிறேன். அன்றைக்குக் குவாரி மண் என்று சொன்ன ஓட்டுநர் பாக்கியராஜ். அதோ, கதவோரம் நிற்கிறார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார்.

பாக்கியராஜ் குடியிருப்பது மேரியின் தெருவில். அம்மா கட்டுரையைத் திரும்பப் பெற்ற விவரத்தை மேரி தெருக்குழாயடியில் சொல்ல, அது இவர் காதில் விழுந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். மூன்றாம் நாள் பஸ் பிடித்துத் திருவள்ளூரில் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மா, நான்தான் பொய் சொல்ட்டேன். அது குவாரி மண்ணு இல்ல. எங்களுக்கு நடைக்கு இவ்ளோன்னுதான் டப்பு. குவாரிக்கு எறங்கி ஏறினா நேரமாயிடும். ஊத்துக்கோட்ட பக்கம் ஒரு லோடு எறக்கிட்டு காலி வண்டியா திரும்பி வந்துக்கினு இருந்தேன். ரோட்டோரம் ஒரு கெணத்த தூர் வாரி கொட்டி வெச்சிருந்தாங்க. கேக்க ஆளில்ல. அள்ளிக்கினு வந்துட்டேன். குவாரி மண்ணுன்னு கணக்கு சொல்ட்டேன்."

ஏன் பொய் சொன்னாய், இத்தனை வருடம் என்னை ஏன் அலைய வைத்தாய், என் பெயரைக் கெடுத்தாயே என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பேன், அதை மேடையில் சொல்ல முடியாது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தக் கிணறு?"

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாராம்.

பாக்கியராஜ் தலையைச் சொறிந்தார். "அது வந்தும்மா... நம்ம கான்ட்ராக்டர் ஊட்டுக் கெணறு."

ஆமாம், சிரியுங்கள். நானும் பிறகு சிரித்தேன். ஊத்துக்கோட்டை ரோட்டோரம் எங்கள் நெல் வயலில் எங்கள் அப்பா வெட்டிய கிணறு. அந்த வருடம்தான் என் அண்ணன் ஆதிகேசவன் அதை ஆழப்படுத்தி, வந்த வெள்ளைக் கல்லையெல்லாம் ரோட்டோரம் குவித்திருந்தார். ஒரு நாள் குவியலில் பாதி காணாமல் போனதும், யாரோ புண்ணியவான் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டாராம். என் கிணற்று மண்ணை எனக்கே லோடு கணக்கில் விற்றிருக்கிறார் பாக்கியராஜ். நான் அதை வாங்கி இன்னொருவனுக்கு விற்றிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் நான் குதித்த குதியில் ஆபீஸ் நாற்காலி உடைந்தது. அம்மா போனில் சொன்னார். "அடிக்கறதா இருந்தா அப்புறமா அடிங்க. முதல்ல கிணத்தை எப்படி இறைக்கறதுன்னு பாருங்க."

இறைக்க முடியுமா? அது ஊற்றுக் கிணறு. மோட்டாரை நாள் முழுக்க ஓட விட்டாலும் அடி தெரியாது. காத்திருந்தோம். சென்னைக்கே தண்ணீர் இல்லாமல் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடை வந்தது. எங்கள் கிணறு என் நினைவு தெரிந்து முதல் தடவையாக வற்றியது. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா சுத்தியலோடு வந்து இறங்கினார். ஓய்வு பெற்றுவிட்டார், முட்டி வலி வேறு. தூர் வாருகிற கிரேனின் இரும்புத் தொட்டியில் உட்கார்ந்து கீழே போவேன் என்றார். நான் முடியவே முடியாது என்றேன். நான் பேசி முடிப்பதற்குள் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கயிறு இறங்கியது. கீழே டக் டக் என்று சத்தம். பிறகு சத்தமே இல்லை. கயிறு ஆடியது, மேலே இழுத்தோம். தொட்டியில் ஒரு கல் வந்தது. திரும்ப இறக்கினோம், மறுபடியும் கல். இன்னொரு தடவையும் கல்லே வந்தது. "கல்லு போதும்மா, நீங்க வாங்க" என்று கத்தினேன். கடைசியில் வந்தார். தலை, புருவம், புடவை எல்லாம் வெள்ளை மண். மடியில் ஒரு கல்லைக் குழந்தையை வைத்திருப்பது போல வைத்திருந்தார். அதில் அதே இலை.

"அட்ரஸ் கிடைச்சுடுச்சு குப்புராஜ்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மேரி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். பாக்கியராஜ் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். என் அண்ணன் ஒன்றும் புரியாமல், "கெணத்துல தண்ணி வருமான்னு கேளுடா" என்று என்னை இடித்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட நாள் அது. என் வாழ்க்கையில் நான் தோண்டிய பள்ளங்களை எண்ண முடியாது, அந்த ஒரு பள்ளத்தின் கரையில்தான் சந்தோஷமாக நின்றிருக்கிறேன்.

புள்ளி இடம் மாறியது. கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே, எங்கள் வயலுக்கு வந்தது. புதுக் கட்டுரையில் இடத்தைக் காட்டியவர் லாரி ஓட்டுநர் பாக்கியராஜ் என்று அச்சில் வந்தது. பொய் சொன்னவர் என்று ஒரு எழுத்து இல்லை. கல்லைக் கண்டெடுத்தவர் மேரி என்றும் வந்தது. அந்தப் பக்கத்தைத் தேசப்பன் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார், ஏசுநாதருக்கு இந்தப் பக்கம் கட்டுரை, அந்தப் பக்கம் கல்.

அம்மாவுக்கு அது போதவில்லை. கிணற்றில் கிடைத்தது இலை மட்டும்தான். இலையும் பூ மாதிரியும் சேர்ந்த இன்னொரு கல் வேண்டும், ஒரு சாட்சி போதாது என்பார். அது இன்னும் கீழே இருக்கிற அடுக்கில் இருக்கலாம். அன்றைக்கு அதை எட்டுவதற்குள் ஊற்று கசிய ஆரம்பித்துவிட்டது. அடுத்த வறட்சிக்குக் காத்திருந்தார். பிறகு வந்த வருடங்களில் மழைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மே மாதமும் போன் வரும், "கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?" என்று. நிறைய இருக்கும்மா என்றால், "நல்லது, அண்ணன் ரெண்டாம் போகம் வைக்கட்டும்" என்பார். தன் ஆராய்ச்சிக்காக ஊர் வறண்டு போகட்டும் என்று நினைக்க அவரால் முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தச் சங்கடத்தை மறைக்கத் தெரியாத குரல் அது.

இந்த வருடம் அந்த நிலத்தை விற்க நாங்கள் முடிவு செய்தோம். குடோன் கட்டுகிறவர்கள் கேட்டார்கள், நல்ல விலை, என் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் விவசாயம் செய்யப் போவதில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கெஞ்சுவார், சண்டை போடுவார், கலெக்டருக்கு மனு கொடுப்பார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "உங்க நிலம், உங்க பிள்ளைங்க" என்றார். "மூடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

எட்டிப் பார்க்க அவர் வரவில்லை. போன மாதம் அடைமழையில், நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கல்பனா, உன் அம்மா போன அன்றைக்கு எங்கள் கிணறு விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பத்திரப் பதிவுக்கு முன்னால் கிணற்றை மூடித் தர வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். நான் ஊரில் இல்லை. அண்ணன் மண்ணுக்குச் சொல்லிவிட்டார். யாருக்கு? பாக்கியராஜுக்கு. அவர் இப்போது சொந்தமாக ஒரு டிப்பர் வைத்திருக்கிறார். லோடோடு வந்தார். எங்கே கொட்ட வேண்டும் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துக் கிணற்றடிக்கு வந்தவர், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"இன்னாடா, கொட்டு" என்றார் அண்ணன்.

"இல்ல நைனா. இதுல நான் கொட்ட மாட்டேன்."

"டப்பு சேத்து தரேன்டா."

"டப்புக்கு இல்ல நைனா. இந்தக் கெணத்து மண்ண நான் ஒரு தபா சொல்லாம எடுத்துக்கினு போய்ட்டேன். அதுக்கே அந்தம்மா எவ்ளோ பேஜாரு பட்டுச்சு. எங்கெங்க அலஞ்சி தேடிச்சு. இப்ப இதுல நானே மண்ணு கொட்டுனா, அது தேடுனதுக்கே அர்த்தமில்லாம போய்டும். நீ வேற வண்டி பாத்துக்கோ."

ஏற்றி வந்த லோடை ஏற்றியபடியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி போன பிறகு அண்ணன் கிணற்றடியிலிருந்தே எனக்குப் போன் செய்தார். என் அண்ணன் அதிகம் பேசாதவர், படிப்பும் கிடையாது, அந்த இலையை இன்றைக்கும் தென்னங்கீற்று என்றுதான் சொல்வார். "தம்பி, வேற லாரியக் கூப்புட எனக்கு மனசு வரல. கெணத்த வுட்டுட்டு மீதிய எழுதிக்கறாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். கிணறு நடுவில் இருக்கிறது, அது இல்லாமல் இடம் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் இடமே இல்லை என்று சொல்லிவிட்டேன். விற்பனை நின்றுவிட்டது. வீட்டில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

மகள் கல்பனாவுக்கும் இந்தச் சபைக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் சொல்கிறேன். அந்தக் கிணறு மூடப்படாது. அண்ணனும் நானும் இருக்கும் வரை மூடப்படாது, எங்களுக்குப் பிறகும் மூடப்படாத மாதிரி கிணற்றையும் சுற்றி ஒரு வண்டி திரும்புகிற அளவு இடத்தையும் கல்லூரியின் பெயருக்கு எழுதித் தருகிறோம். முதல்வர் அவர்களே, சம்மதம் என்று நீங்கள் தலையாட்டியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பேராசிரியர் வசந்தகுமார் அவர்களே, அடுத்து எந்த வருடம் வற்றினாலும் கிரேன் என்னுடையது, இறங்க வேண்டியவர் நீங்கள். அம்மா தேடிய இரண்டாவது சாட்சியை நாம் தேடுவோம். கிடைக்காமலும் போகலாம். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுதுவோம். அப்படி எழுதுவதைத்தான் அவர் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவரால் வர முடியவில்லை. அவருக்காக நாம் போகலாம். மழை விட்டிருக்கிறது. வெளியே பாக்கியராஜின் வண்டியும் எங்கள் சங்கத்து வண்டிகளும் நிற்கின்றன. ஏறிக்கொள்ளுங்கள், கிணற்றைப் பார்த்துவிட்டு வருவோம்.